படகுத்துறையை அடைத்த கோடு

ஹால்வோர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நகராட்சியின் வரைபட அறைக்குள் நுழைந்து, ஒட்னியின் மேசை முன்னால் கைபேசியை நீட்டினார்.

"இது யாரோட கைவேலை?"

திரையில் ஊர் வரைபடம். ஹால்வோருடைய நிலத்துக்கும் சிக்னேயின் நிலத்துக்கும் நடுவே கடல் சின்னதாக உள்வாங்கும் இடம்தான் அவர்கள் படகுத்துறை. இரண்டு வீட்டுப் படகுகளும் எப்போதும் அங்கேதான் கட்டிக் கிடக்கும். இப்போது அந்தத் துறையின் வாயைக் குறுக்கே அடைத்து ஒரு நேர்க்கோடு ஓடியிருந்தது. துறை முழுவதும் சிக்னேயின் நிலத்துக்குள் போய்விட்டது.

"பார்த்துச் சொல்றேன் ஹால்வோர்."

"பார்க்காமலா போட்டே? அவ வீட்ல மூணு வருஷம் மருமக மாதிரி இருந்தவதானே நீ!"

ஒட்னிக்கு முகம் சுட்டது. சிக்னேயின் மகன் ரூனேயோடு அவள் வாழ்ந்ததும் பிரிந்ததும் அந்தத் தீவில் எல்லாருக்கும் தெரியும்.

அந்த வசந்தத்தில் பழைய எல்லைக்கோடுகளை எல்லாம் புதிய வரைபடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். பழையவை பாதியில் நிற்கும் கோடுகள். தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வராதவை. புதிய வரைபடமோ முழுவதும் மூடிய வடிவங்களை மட்டுமே ஏற்கும். மூடினால்தானே பரப்பளவு வரும்? கையால் ஒவ்வொன்றாக மூடினால் முடிகிற காரியமில்லை. அதனால் ஒட்னி ஒரு சிறிய கணினி நிரல் எழுதியிருந்தாள். அது ஒவ்வொரு கோட்டின் இரண்டு முனைகளையும் பார்க்கும். இடைவெளி ஒரு சாணுக்குள் இருந்தால் ஒட்டி மூடிவிடும். அதற்கு மேல் என்றால் தொடாது. சிவப்பாக்கி விட்டுவிடும், மனிதர் போய்ப் பார்த்து முடிவு செய்யட்டும் என்று.

சிக்னேயின் எல்லைக்கோட்டை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. துறையின் ஒரு பக்கத்துப் பாறையில் தொடங்கி, வீட்டைச் சுற்றிவந்து, மறுபக்கத்துப் பாறையில் நின்றுவிடும். கரையோரம் யாரும் எந்தக் காலத்திலும் கோடு போட்டதில்லை. நிரல் அதைச் சிவப்பாக்கியதை அவளே கண்ணால் பார்த்திருந்தாள்.

பழைய கோப்பின் நகலை எடுத்து நிரலை மறுபடி ஓட்டினாள். கோடு சிவப்பாகவே நின்றது.

அப்படியென்றால் வேறு யாரோ கை வைத்திருக்கிறார்கள். அந்த அறையில் இருப்பதே இரண்டு பேர். இன்னொருவன் யூஸ்டைன், அவளைவிட ஒரு வருஷம் மூத்தவன். இரண்டு பேருக்கும் கணினியில் ஒரே கணக்கு என்பதால், எந்த மாற்றத்தை யார் செய்தது என்று தனியாகத் தெரியாது.

"சிக்னே துறைக் கோட்டை நீ ஏதாவது தொட்டியா?"

"நானா?" யூஸ்டைன் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தான். "உன் நிரலுக்கு ஏதாவது கிறுக்குப் பிடிச்சிருக்கும். எனக்கென்ன தெரியும்?"

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் தூண்டில் போடுவது சிக்னேயின் பாறையில் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் உள்ளே வரும்போது அவன் எதையோ மூடுவது போலிருந்தது. அவன் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறான் என்று தோன்றியது. கடையிலோ அவளைக் கண்டதும் பேச்சு நின்றது. ரொட்டி கட்டிக் கொடுத்த பெண், "பழைய பாசம் விடுமா என்ன?" என்று மற்றவளிடம் கேட்டது அவள் காதில் விழுந்தது.

கடைசியில் ஒட்னியும் யூஸ்டைனும் அளவுக் கருவியோடு துறைக்குப் போனார்கள். துறைக்கு இறங்கும் வழியில் புதிதாக ஒரு சங்கிலி தொங்கியது. அதற்கு அந்தப் பக்கம் சிக்னே. இந்தப் பக்கம் ஹால்வோர்.

"வரைபடத்துல இருக்கு. அரசாங்கமே சொல்லுது, எனக்குன்னு" என்றாள் சிக்னே.

"போன மாசம் வரைக்கும் உனக்கே தெரியாதேடி அது!"

"தெரியாம இருந்தா இல்லைன்னு ஆயிடுமா? உன் படகை நாளைக்குள்ள எடுத்துக்கோ."

ஹால்வோர் ஒட்னியின் பக்கம் திரும்பினார். "பாரு! உங்க ரெண்டு பேர் திட்டமும் நல்லா நடக்குது."

"அவ எனக்கு என்ன செஞ்சா? என் மகனை விட்டுட்டுப் போனவ!" என்று சிக்னே சீறினாள்.

"போதும்," என்றான் யூஸ்டைன். கருவியின் முக்காலியைத் தரையில் வைத்தான். "அரசாங்கமும் இல்ல, ஒட்னியும் இல்ல. நான்தான் மூடினேன். சிவப்பா ஒரு கோடு நின்னதால மொத்தக் கோப்பும் புது வரைபடத்துக்குப் போக மாட்டேன்னுது. மேல இருக்கறவங்க அவசரப்படுத்தினாங்க. 'மூடு'ன்னு ஒரு தட்டுத் தட்டினேன். கணினி ரெண்டு முனைக்கும் நேரா கோடு இழுத்துடுச்சு. அவ்வளவுதான்."

ஒட்னி அவன் பக்கம் திரும்பினாள். "கேட்டேனே. ஏன்டா சொல்லல?"

"நீ கேட்ட விதத்துல சொல்ல வரல."

சிக்னே சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டாள். "சரி, தப்பா போட்டான். தப்பா போட்டாலும் கோடு சரியான இடத்துல விழுந்திருக்கலாம் இல்லையா?"

சங்கிலி அப்படியே தொங்கியது.

ஒட்னி கரையோரத்தைப் பாறை பாறையாக அளந்து வந்து, மூன்று மூடிய வடிவங்கள் வரைந்தாள். சிக்னேயின் நிலம் ஒன்று, ஹால்வோரின் நிலம் ஒன்று, துறை மட்டும் தனியாக இரண்டு பேர் பெயரிலும் ஒன்று. இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இருவரும் போடவில்லை. மூன்றாவது துண்டைப் பின்னால் நகராட்சியே எடுத்துக்கொள்ளும் என்று ஹால்வோர் நினைத்தார். ஹால்வோர் தனக்குத் தெரியாமல் ஒட்னியைச் சரிக்கட்டிவிட்டார் என்று சிக்னே நினைத்தாள்.

இலையுதிர் காலத்தில் தென்மேற்கிலிருந்து பெரும்புயல் வருவதாக வானொலி சொன்னது. படகுகளைக் கரையேற்ற வேண்டும். சறுக்குக் கட்டைகள் சிக்னேயிடம். படகை இழுக்கும் உருளையும் கயிறும் ஹால்வோரின் படகுக் கொட்டகையில். மழையில் நனைந்தபடி சிக்னே அவர் கதவைத் தட்டினாள்.

"கயிறு குடு."

"சங்கிலியை எடு."

சிக்னே போய்ச் சங்கிலியைக் கழற்றினாள். மாலைக்குள் இரண்டு படகும் மேலே வந்தன. புயலுக்குப் பிறகு சங்கிலி திரும்ப மாட்டப்படவில்லை.

இருவரும் வெவ்வேறு நாளில் வந்து கையெழுத்துப் போட்டார்கள். "அவ முதல்ல போட்டாளா?" என்று ஹால்வோர் கேட்டார். ஆமாம் என்று தெரிந்ததும் பேனாவை வைத்துவிட்டு, வரைபடத்தை இன்னொரு முறை பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். கரையோரக் கோட்டைக் கடைசி வரைக்கும் விரலால் தொடர்ந்து பார்த்த பிறகுதான் போட்டார். ஒட்னியிடம் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. போகும்போது, உலர்ந்த மீன் ஒரு கட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ஒட்னி மீனைப் பிரித்துப் பாதியை யூஸ்டைனிடம் கொடுத்தாள். இருவரும் பழையபடி பேசிக்கொள்கிறார்கள், கேலி செய்துகொள்கிறார்கள். ஆனால் காபி எடுக்க எழுந்தால் அவள் இப்போது திரையைப் பூட்டிவிட்டுத்தான் போகிறாள். அவன் அதைப் பார்க்கிறான்.