கிருஷ்ணப்பன் கிணற்றுக் காவல்

எங்கள் ஊரில் ஆண்கள் அகாலமாகச் சாவதற்குப் பல வழிகள் இருந்தன. தை மாதம் என்றால் மாடு முட்டும். பங்குனியில் புளி உலுக்க மரம் ஏறியவன் கிளையோடு கீழே வருவான். ஆடியில் ஒகேனக்கல் போனவன் ஆற்றோடு போவான். பாம்புக்கு மாதக் கணக்கே கிடையாது. பெண்களுக்கு இத்தனை வசதி இல்லை. அவர்களுக்குக் கிணறு ஒன்றுதான். எந்தக் கிணறு என்று கேட்டால், கிருஷ்ணப்பன் கிணறு.

இதில் கிருஷ்ணப்பன் செய்த தப்பு எதுவும் இல்லை. இண்டூரிலிருந்து பென்னாகரம் போகும் தடத்தில்தான் எங்கள் ஊர். தெரு முடிகிற இடத்தில் அவன் தோட்டம். எந்த வீட்டில் சண்டை மூண்டாலும், தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வெளியே வருகிறவளின் கால் தானாக அந்தச் சரிவில்தான் இறங்கும். வேறு கிணறு வேண்டுமென்றால் பாறைக் கரடு ஏறிப் போக வேண்டும். எவ்வளவு ஆத்திரத்தில் ஓடினாலும் கால் வலி கால் வலிதானே?

அவன் அப்பன் காலத்தில் ஒருத்தியும் அவன் காலத்தில் ஒருத்தியுமாக இரண்டு பேர் அதில் போயிருந்தார்கள். கிணறு ருசி கண்டுவிட்டது, உள்ளே ஒரு கன்னி இருந்துகொண்டு கூப்பிடுகிறாள் என்று ஊர் பேசிக்கொண்டது. பூசாரி சொன்னபடி கிருஷ்ணப்பன் சேவல் அறுத்தான், எலுமிச்சம்பழம் கட்டினான். சேவல் தின்ற பூசாரிக்கு உடம்பு தேறியது. வேறு மாற்றம் ஒன்றும் தெரியவில்லை.

இழவைவிடப் பெரிய இழவு அதற்குப் பிறகுதான். ஆள் செத்த கிணற்றுத் தண்ணீர் தீட்டு. ஊர் வழக்கப்படி அதைச் சொட்டு விடாமல் இறைத்துக் கரட்டுப் பக்கம் கொட்ட வேண்டும். பயிருக்குக்கூடப் பாய்ச்சக் கூடாது. சேற்றை வாரிப் போட்டு, புது ஊற்று ஊறி நின்ற பிறகுதான் மாடுகூட வாய் வைக்கலாம். இத்தனையும் கிணற்றுக்காரன் தலையில் விடியும். செத்தவள் வீட்டார் ஒப்பாரி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

யுத்தம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால், அதுவரை பார்க்காத ஒரு வறட்சி. ஐப்பசியில் வர வேண்டிய மழை வழி தப்பிப் போய்விட்டது. பங்குனி பிறந்தபோது ஊர்க் கிணறுகளில் தவளை மட்டும் இருந்தது. கரட்டுக்கு அந்தப் பக்கம் பச்சியப்பன் கிணற்றில் சேறும் கொஞ்சம் தண்ணீரும். கிருஷ்ணப்பன் கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர் நின்றது. அதை நம்பி அவன் ராகி நட்டிருந்தான். வீட்டுத் தானியக் குதிரில் கை விட்டால் அடி தட்டியது. அந்த ராகி கதிர் முற்றி வந்தால்தான் அவனுக்கும் பெண்டாட்டி ராமக்காளுக்கும் அந்த வருஷத்துக் களி. நடுவில் எவளாவது கோபித்துக்கொண்டு வந்து உள்ளே விழுந்து தொலைத்தால், தண்ணீர் கரட்டுக்குப் போகும், ராகி கருகிப் போகும்.

ஆகவே கிருஷ்ணப்பன் தன் கிணற்றுக்குத் தானே காவல் இருந்தான். விடிந்ததும் மாடுகளைக் கவலை ஏற்றத்தில் பூட்டுவான். மாடுகள் மேட்டில் பின்னுக்கு ஏறும்போது தோல் சால் கிணற்றுக்குள் இறங்கும். சரிவில் முன்னுக்கு இறங்கும்போது தண்ணீரோடு மேலே வரும். அவன் சால் கட்டிய வடக்கயிற்றின்மேல் உட்கார்ந்துகொண்டு, ஒரு கண்ணை மாட்டின் மேலும் ஒரு கண்ணைத் தெருவின் மேலும் வைத்திருப்பான்.

முதலில் மாட்டிக்கொண்டவள் சின்னக்கண்ணு. புருஷன் அடித்தான் என்று கூந்தல் புழுதி பெருக்க ஓடி வந்தாள். கிருஷ்ணப்பன் குறுக்கே விழுந்து மறித்தான். மறித்துவிட்டானே தவிர என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஆறுதல் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை. மாடுகள் வேறு நடுவழியில் நின்றுகொண்டிருந்தன.

"எதுவா இருந்தாலும் அப்பறம் பாத்துக்கலாம். மொதல்ல இந்த மாட்டைக் கொஞ்சம் ஓட்டு. எனக்கு மடை திருப்பணும்" என்று சாட்டைக் குச்சியை அவள் கையில் திணித்தான்.

சின்னக்கண்ணு மலைத்துப் போனாள். இருந்தாலும் குடியானவர் வீட்டுப் பெண். மாடு நின்றால் கை சும்மா இருக்காது. அழுதுகொண்டே ஓட்டினாள். பிறகு புருஷனைத் திட்டிக்கொண்டே ஓட்டினாள். கொஞ்ச நேரத்தில் திட்டு மாட்டின் மேல் திரும்பியது. பாத்திகள் நிறைந்தபோது வடத்தைவிட்டு இறங்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"கூழ் இருக்குதா அண்ணா?" என்றாள்.

கிருஷ்ணப்பனுக்கு அன்றைக்கு ஒரு விஷயம் விளங்கியது. கன்னியும் இல்லை, காத்து கருப்பும் இல்லை. ஆத்திரம் என்பது பால் பொங்குகிற மாதிரி. அந்த ஒரு நேரம் பக்கத்தில் ஆள் இருந்து பார்த்துக்கொண்டால் அடங்கிவிடும். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோருக்கும் அதே வைத்தியம்தான். ஓட்டு மாட்டை, குடி கூழை, போ வூட்டுக்கு. கிருஷ்ணப்பனுக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் ஊரில் நாலு வீட்டில் சண்டை மூட்டிவிடுகிறான் என்று வாய்க்கொழுப்பு பிடித்தவர்கள் சிரித்தார்கள்.

நோய் விளங்கினால் வேரும் தெரியத்தானே செய்யும்? பென்னாகரம் சந்தை முடிந்த சாயங்காலம்தான் கிணற்றுப் பக்கம் கூட்டம். புருஷன்மார் சந்தைக்கு மூட்டையோடு போவார்கள், கள்ளு வாசத்தோடு திரும்புவார்கள். வீட்டில் உப்பு இருக்காது. இவள் கேட்பாள், அவன் அடிப்பான். ஆகவே கிருஷ்ணப்பன் சந்தை நாளில் தடத்திலேயே போய் நின்றுகொண்டு, வருகிறவனின் மடியைத் தட்டிப் பார்த்தான்.

"உப்பு எங்கடா?"

"உனக்கு என்னாத்துக்கு மாமா எங்க வூட்டு உப்பு?"

"உன் பொண்டாட்டி எங்க கெணத்துல வந்து உழுவா. போடா, வாங்கிக்கிட்டு வா."

பாதிப் பேர் முனகிக்கொண்டே திரும்பிப் போய் வாங்கி வந்தார்கள். ஊர்ப் பெண்கள் அவனைத் தெய்வம் என்றே பேச ஆரம்பித்துவிட்டார்கள். ராமக்காள் மட்டும் அப்படி நினைக்கவில்லை. கட்டினவளுக்குத் தெரியாத தெய்வம் உண்டா? ஒரு நாள் களி போட்டுக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"ஏங்க, உங்களுக்கு அந்தப் பொம்பளைங்க மேல எரக்கமா, தண்ணி மேல எரக்கமா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணா? நல்லா சொன்னீங்க போங்க" என்று எழுந்து போய்விட்டாள். கிருஷ்ணப்பன் களி உருண்டையைக் கையில் திருப்பித் திருப்பி உருட்டினான். பிறகு பசித்தது, சாப்பிட்டான்.

சித்திரையில் ராகி பால் பிடித்தது. அப்போதுதான் குள்ளம்மாள் வீட்டில் வெடித்தது. குள்ளம்மாள் ஆள் பெயருக்கேற்ற உயரம், வாய் மட்டும் பனை உயரம். மகன் மாதுவுக்குச் சித்தேரி அடிவாரத்திலிருந்து பாஞ்சாலியைக் கட்டி வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பாஞ்சாலி அதிகம் பேசாத பெண். அன்றைக்கு அவளுடைய தம்பி மலைக்காட்டுத் தேன் கொண்டு வந்தான். வெறுங்கையோடு அனுப்ப மனசில்லாமல் அவள் கொஞ்சம் ராகி கட்டிக் கொடுத்துவிட்டாள். குள்ளம்மாள் பார்த்துவிட்டாள்.

"பஞ்சத்துல எங்க வூட்டுக் குதிர சொரண்டி உங்க மலைக்குக் கட்டி அனுப்பறியா? உன்ன மாதிரி திருட்டுச் சிறுக்கி எங்க வம்சத்துலயே வந்ததில்ல!"

தம்பி தெருமுனை தாண்டவில்லை. அவன் காதில் அது விழுந்தது. அவன் மூட்டையை வாசலில் திரும்ப வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனான். பாஞ்சாலியால் அதைத்தான் தாங்க முடியவில்லை. வெளியே இறங்கி ஓடினாள்.

கிருஷ்ணப்பன் வடத்தின்மேல் இருந்தான். ராமக்காள் மடை திருப்பிக்கொண்டிருந்தாள். தெருவிலிருந்து யாரோ கத்தினார்கள்.

"பாஞ்சாலி ஓடறா! பச்சியப்பன் கெணத்துப் பக்கம் ஓடறா!"

கிருஷ்ணப்பன் குதித்து இறங்கத் தயாராக இருந்தவன், அந்தப் பெயரைக் கேட்டதும் மறுபடி உட்கார்ந்தான்.

"அப்பாடா! நம்ம கெணறு இல்ல" என்று சொல்லிவிட்டான்.

வாய்விட்டே சொல்லிவிட்டான். ராமக்காள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.  மண்வெட்டியை வாய்க்காலில் போட்டுவிட்டுக் கரட்டுப் பக்கம் ஓட ஆரம்பித்தாள். ஏற்கெனவே முழங்கால் வாதம் உள்ளவள், விந்தி விந்தி ஓடினாள். கிருஷ்ணப்பனுக்குத் தன் வாயிலிருந்து வந்த வார்த்தை அப்போதுதான் காதில் விழுந்தது.  இத்தனை நாளும் இந்தக் கிணற்றில் ஆள் இருக்கிறான் என்று தெரிந்துதானே அந்தப் பெண் அடுத்த கிணற்றைத் தேடிப் போகிறாள்? இங்கே கதவைச் சாத்தி அங்கே திறந்துவிட்டதே நான்தான் என்று நினைத்தபடியே வடத்தைவிட்டுக் குதித்தான்.

மாட்டை அவிழ்க்கவில்லை. வடத்தைக் கட்டவில்லை. சால் பாதிக் கிணற்றில் தொங்க, அவன் பாட்டுக்கு ஓடினான். வழியில் ராமக்காளைத் தாண்டினான். கரட்டில் ஏறும்போது அப்பன், பாட்டன், குலதெய்வம் எல்லாரையும் கூப்பிட்டான். பச்சியப்பன் கிணற்றங்கரைக்கு வந்தபோது மேலே யாரும் இல்லை. உள்ளே கலங்கல் மட்டும் தெரிந்தது. எட்டிப் பார்த்து யோசிக்கிற ஆளாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிருஷ்ணப்பன் கண்ணை மூடிக்கொண்டு குதித்துவிட்டான்.

தொப்பென்று சேற்றில் போய் விழுந்தான். இடுப்பு வரைக்கும் இறங்கிவிட்டது. கண்ணைத் திறந்தால், பக்கத்தில் பாஞ்சாலி. அவளும் இடுப்பு வரைக்கும் சேறு. கழுத்தில், கூந்தலில், மூக்கில் எல்லாம் சேறு. சாகவும் முடியாமல் ஏறவும் முடியாமல் தேம்பிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் அழுகை நின்றுவிட்டது.

"நீங்க எதுக்கு மாமா இங்க குதிச்சீங்க? இது உங்க கெணறு இல்லியே!"

குத்திக்காட்டிக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.  கிருஷ்ணப்பன் அவளுடைய தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். பெற்ற மகள் இல்லாத குறை அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. பாஞ்சாலிதான் கடைசியில் அவனைத் தேற்ற வேண்டியதாயிற்று.

"அழுவாதீங்க மாமா. உங்க கால் சுளுக்கிக்கிச்சா?"

மேலே ஊர் கூடிவிட்டது. குள்ளம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள். "என் கண்ணே, நான் பெத்த பொண்ணே, வந்துடு, ராகிக் குதிர அப்படியே தூக்கி உன் தம்பிகிட்டக் குடுத்துடறேன்!" என்று கத்தினாள். மாதுவும் பச்சியப்பனும் கயிறு விட்டார்கள். குள்ளம்மாளும் ஒரு கை பிடித்து இழுத்தாள். அவள் உயரத்துக்குக் கயிறு அவளைத்தான் இழுத்தது. முதலில் பாஞ்சாலி வந்தாள், பிறகு எருமை மாதிரி கிருஷ்ணப்பன். ராமக்காள் முந்தானையால் அவன் முகத்துச் சேற்றைத் துடைத்தாள். ஊரே பார்க்கிறதென்ற வெட்கம்கூட அவளுக்கு அப்போது இல்லை.

தோட்டத்துக்குத் திரும்பி வந்து பார்த்தால், மாடுகள் நுகத்தடியோடும் வடத்தோடும் ராகிக்குள் புகுந்து விருந்து நடத்திக்கொண்டிருந்தன. பாதி வயல் வாயில் போயிருந்தது. மிதித்தது தனி. கிருஷ்ணப்பன் வரப்பில் உட்கார்ந்து பார்த்தான். எந்த ராகிக்காக இரண்டு மாதம் உட்கார்ந்து காவல் காத்தானோ அந்த ராகி.

"போவுது வுடுங்க" என்றாள் ராமக்காள். "மிச்சத்துல களி கிண்டிக்கலாம். பத்தலன்னா மலைக் கெழங்கு தோண்டிக்கலாம்."

மறுநாள் காலையில் ஊர் வெட்டியான் தப்பட்டை அடித்துக்கொண்டு தெருவில் வந்தான். வரி தண்டவோ அம்மை ஊசிக்காரன் வருகைக்கோதான் தப்பட்டை அடிப்பார்கள். எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள்.

"இதனால சகலமானவங்களுக்கும் கிருஷ்ணப்பன் தெரிவிக்கிறது என்னான்னா! எந்த வூட்டுல என்ன சண்டைன்னாலும் பொம்பளைங்க அவரு கெணத்துக்கே வரணும்! வேற கெணத்துக்குப் போவக் கூடாது! ராவோ பகலோ ஆள் இருக்கும்! கூழ் இருக்கும்! மாடு ஓட்டணும்!"

தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரித்தவர்களில் ரெண்டு மூன்று பெண்கள் மட்டும் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அந்த வாரச் சந்தை சாயங்காலம் கிருஷ்ணப்பன் சுளுக்கின காலில் பத்துப் போட்டுக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்திருந்தான். தெருவிலிருந்து தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஒருத்தி ஓடி வந்தாள். உற்றுப் பார்த்தால், குள்ளம்மாள்.

"நீயா? உனக்கு என்னா வந்துது?" என்றான்.

"ஏன், எனக்கு வரக் கூடாதா? எம் மவன் என்னைப் பாத்து, உன் வாயாலதான் அவ கெணத்துக்குப் போனான்னு சொல்லிட்டான். பெத்த வயிறு எரியாதா தம்பி? குடு அந்தக் குச்சியை!"

சாட்டைக் குச்சியைப் பிடுங்கிக்கொண்டு வடத்தில் ஏறி உட்கார்ந்தாள். கால் தரையில் எட்டவில்லை. மாடுகளை அவள் திட்டிய திட்டு கரடு தாண்டிக் கேட்டது. சால் நாலைந்து முறை ஏறி இறங்கியிருக்கும். தெருச் சரிவில் இன்னொருத்தி விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தாள். பாஞ்சாலி. மாவுக் கைகூடக் கழுவவில்லை. மூச்சு வாங்கப் போய்க் குள்ளம்மாளின் இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"அத்தை, வூட்டுக்கு வாங்க. உங்கள அப்படிப் பேசலாமான்னு நான் அவருகிட்டக் கேட்டுட்டேன். நல்லா கேட்டுட்டேன். வாங்க அத்தை."

குள்ளம்மாள் மூக்கை உறிஞ்சினாள். மருமகளின் கையை விலக்காமல் ஒருபக்கமாக ஒதுங்கி வடத்தில் இடம் விட்டாள்.

"உக்காருடி. நம்மளாலதான அவங்க ராகியில பாதிய மாடு தின்னுடுச்சு. மிச்சத்துக்காவது இன்னும் ரெண்டு பாத்தி பாய்ச்சிட்டுப் போவலாம்."