பூக்கட்டிப் பார்த்த கல்லூரி

கட்டடக்கலை வரலாறு படிக்கப்போகிறேன் என்று சொன்னதிலிருந்து எங்கள் தெருவில் எனக்கு ஒரே கிராக்கி. பக்கத்து வீட்டு அம்முலு அத்தை வந்து, ஈசானிய மூலையில் கக்கூஸ் கட்டலாமா என்று கேட்டாள்.

"அத்தே, நான் வூடு கட்ற படிப்பு படிக்கல. அந்தக் காலத்துல எப்படிக் கட்னாங்கன்னு படிக்கப்போறேன்."

"அதான் கட்டிட்டாங்களே, அப்பறம் படிச்சி இன்னா பண்ணப்போற?" என்றாள்.

இடம் இரண்டு கல்லூரிகளில் கிடைத்திருந்தது. டெல்லியில் இரண்டு வருடமும் இதே படிப்பு. ஊர் ஊராகக் கூட்டிப்போய்க் கோயில், மசூதி, கோட்டை என்று அளந்து வரையவைப்பார்கள். சென்னையில் பொது வரலாற்றுப் படிப்புக்குள் இது ஒரே ஒரு தாள். எனக்கு டெல்லிதான் வேண்டும். அங்கே போகாவிட்டால் படித்த மாதிரியே இருக்காது.

அம்மா பவளம் ஒப்பவில்லை. "கோயிலு இங்க கீது, படிப்பு அங்க இன்னாத்துக்கு? கூரம் கீது, திருமுக்கூடல் கீது. எங்கியாவது ஓடியா பூடப்போவுது? மெட்ராஸ்ல படிச்சிக்கினு, ஞாயித்துக்கெயம வந்து பாத்துக்கோ" என்றாள். சும்மா சொல்லக்கூடாது, நல்ல வாதம்தான். அதனாலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

நைனா முத்துவேல் வாயைத் திறக்கவில்லை. நடவு, மோட்டார், உரம் தவிர வேறெதிலும் அவர் அபிப்பிராயம் சொல்லி நான் கேட்டதில்லை. சரியான கல்லுளிமங்கன் என்று மனசுக்குள் திட்டினேன்.

கடைசியில் அம்மாவே வழி சொன்னாள். "மாரியாத்தா கிட்ட பூக்கட்டிப் பாத்துடலாம்." ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு; பூசாரி எடுப்பதில் வெள்ளை வந்தால் டெல்லி, சிவப்பு வந்தால் சென்னை. எங்கள் ஊரில் பெண் எடுப்பதும் போர் போடுவதும் இப்படித்தான். அந்த வரிசையில் என் மேல்படிப்பும் சேர்ந்ததில் எரிச்சல்தான். ஆனால் பாதிக்குப் பாதி வாய்ப்பாவது இருக்கிறதே என்று ஒத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அம்மா தனியாக உட்கார்ந்து, இரண்டு வாழையிலைத் துண்டுகளில் பூவை மடித்து நாரால் கட்டி நைனாவிடம் கொடுத்தாள். அவர் வண்டியில் முன்னால் போனார். நாங்கள் நடந்தோம்.

பூசாரி இரண்டு பொட்டலத்தையும் ஆத்தாவின் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். ஒன்றை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். பிரித்தாள். வெள்ளை வெளேரென்று நந்தியாவட்டை.

எனக்குக் குதிக்கவேண்டும் போலிருந்தது. அம்மா பேயறைந்த மாதிரி நின்றாள். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டு, அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். "யார்கிட்டயும் சொல்லாத. நான் ரெண்டுலயும் செவ்வரளிதான்டி வச்சேன். உன்ன அவ்ளோ தூரம் அனுப்ப மனசு வரல. ஆத்தா மாத்திட்டா, பூஜா! அவளே போவச் சொல்றா, நடுவுல நான் யாரு?" அழுதுகொண்டே சிரித்தாள். எனக்குப் பருப்புப்பொடி அரைத்துக் கொடுக்க அன்றைக்கே மிளகாயைக் காயப்போட்டாள்.

நான் படிக்கப்போவது வரலாறு. செவ்வரளி தானாக நந்தியாவட்டை ஆகாது என்று எனக்குத் தெரியும். நேராக மோட்டார் கொட்டகைக்குப் போனேன்.

"நைனா, நீதானே மாத்தின?"

மடையைத் திருப்பிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "அவ கட்டசொல்ல பாத்துட்டேன். ரெண்டும் செவப்பு. வழியில ரெண்டுலயும் வெள்ளைய வச்சிட்டேன்."

"ஒண்ண மட்டும் வெள்ளையா மாத்தியிருந்தா நாயமா இருந்திருக்கும். ரெண்டையுமா மாத்துவ?"

மண்வெட்டியை வரப்பில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நாயம் பாக்கவா போனேன்? நீ போவணும்னு போனேன்."