கேட்க மட்டும்

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் இரும்புக்குழாயில் ஆன்டெனாவைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள் பிரிஜா. விடிந்து சற்று நேரந்தான் ஆகியிருந்தது. கீழே அப்பாவின் இருமல் சட்டென்று நின்றது. முடிச்சைப் போட்டும் போடாமலும் படியிறங்கி ஓடினாள்.

நின்றது இருமல் மட்டும்தான். ராஜமணி கண்ணைத் திறந்தபடி கிடந்தார். முப்பது வருஷம் விசைப்படகு ஓட்டிய மனிதர், தலையணைக்குள் பாதி புதைந்திருந்தார். அம்மா கிரேசி அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பி நாலு நாள். அந்த நாலு நாளும் அவர் கேட்டது ஒன்றுதான்.

“பய வந்தானா?”

பய என்றால் ரெஜின், பிரிஜாவின் தம்பி. ஆழ்கடலுக்குப் போய் இருபத்திரண்டு நாள் ஆகிவிட்டது. போகட்டுமா என்று வாசலில் தயங்கி நின்றவனை, ‘போ லே’ என்று விரட்டியதே அவர்தான். செல்போன் எட்டும் தூரத்துக்கு அவன் இன்னும் வந்திருக்கவில்லை.

பிரிஜாவுக்குப் பெங்களூரில் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை. லீவு போட்டு வந்தபோது உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டையும் பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். அதன் நடுவே ஒரு எஃப்.பி.ஜி.ஏ. சிப். எழுதிக் கொடுக்கிறபடி தன் உள்சுற்றையே மாற்றிக்கொள்ளும். படகிலிருக்கும் வயர்லெஸ் பெட்டியில் ஒரு நேரத்துக்கு ஒரு சேனல்தான் கேட்கும். மீன் பட்ட இடம் அடுத்தவனுக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று படகுக்காரர்களோ சேனலை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். இந்தப் போர்டு எல்லாச் சேனல்களையும் ஒரே சமயத்தில் பிரித்துக் கொடுத்துவிடும். அதற்கான நிரலை எங்கெங்கோ இருக்கும் முகம் தெரியாத சிலர் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டிருந்தார்கள். அதில் கரையோரப் படகுகளின் பலத்த பேச்சு கசிந்து, தூரத்துக் குரல்களை அமுக்கியது. அப்பாவின் கட்டிலடியிலேயே உட்கார்ந்து மூன்று நாளில் அதைச் சரிசெய்தாள். திருத்தியதைத் திரும்ப அங்கேயே போட்டும் வைத்தாள்.

ஆனால் அதில் கேட்க மட்டும்தான் முடியும். பேச முடியாது.

ஆன்டெனா வயரைப் போர்டில் செருகி, லேப்டாப்பைக் கட்டில் ஓரத்தில் வைத்தாள். திரையில் சேனலுக்கு ஒன்றாக மெல்லிய கோடுகள் எழும்பின. ஒவ்வொன்றாகத் தொட்டாள். ஒருவன் டீசல் கேட்டான், ஒருவன் யாரையோ ஏசினான். ஏழாவது கோட்டில், இரைச்சலுக்கு நடுவே ஒரு சிரிப்பு.

“கறில உப்ப அள்ளிப் போட்டு வச்சிருக்கான் மக்கா. கடல் தண்ணியே இதவிட கொள்ளாம்.”

கிரேசி நெஞ்சில் கையை வைத்தாள். அப்பனுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று மற்றப் படகுக்காரன் விசாரித்தான்.

“அதுக்கென்ன? என்னைய நாலு ஏச்சு ஏசாம அது எங்கயும் போவாது. உச்சைக்கு முன்ன, பன்னெண்டுக்குள்ள கர பிடிச்சிருவோம், பாக்கட்டு.”

பிரிஜா ஸ்பீக்கரைத் தலையணையருகே நகர்த்தினாள். “அப்பா, ரெஜினாக்கும். கேக்குதா?”

ராஜமணியின் வலது கை போர்வைக்கு மேலே வந்தது. எதையோ பிடித்திருப்பதுபோல் விரல்கள் வளைந்தன. கட்டைவிரல் அழுந்தியது. வயர்லெஸ் மைக்கின் பொத்தானை அமுக்கும் கை அது என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. உதடு அசைந்தது. பிறகு விரலைத் தளர்த்திவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார்.

ரெஜின் கிழிந்த வலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

மறுபடியும் அழுத்தினார். மறுபடியும் காத்திருந்தார். எட்டு மணிக்குக் கோயில் மணி அடித்தபோது அந்தக் கை விரிந்து கிடந்தது.

அம்மாவின் தம்பி சகாயம் ஓடி வந்தார். விஷயம் கேட்டதும், கரையில் நிற்கும் படகொன்றின் வயர்லெஸில் ரெஜினுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடட்டுமா என்றார்.

“வேண்டாம்,” என்றாள் கிரேசி. “சுக்கானப் பிடிச்சிட்டு நிக்குத பிள்ளைட்ட கடல்ல வச்சு சொல்லாண்டாம். அவன் கர ஏறட்டு.”

வீட்டிலிருந்த செல்போன்களை எல்லாம் அணைக்கச் சொன்னாள். யாரும் அவனைக் கூப்பிட வேண்டாமென்று தெருவிலும் துறைமுகத்திலும் சொல்லிவைக்கச் சகாயம் போனார்.

ராஜமணியைக் குளிப்பாட்டி வெள்ளை வேட்டி கட்டி முன்னறையில் கிடத்தினார்கள். செபமாலை தொடங்கியது. பிரிஜா லேப்டாப்பை அணைக்கவில்லை. அடுக்களைக்குக் கொண்டுபோய், இயர்போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஏழாவது கோடு தடித்துக்கொண்டே வந்தது. இரைச்சல் விலகி, தம்பி பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. வீட்டுக்குப் போய் ஒரு நாள் முழுக்க உறங்க வேண்டும் என்று யாரிடமோ சொன்னான். கரையில் எல்லாருக்கும் அப்பா செத்துப்போயிருந்தார். அந்தப் படகில் மட்டும் இன்னும் சாகவில்லை. சத்தம் தெளியத் தெளிய, படகு கொஞ்சம் மெதுவாக வரட்டும் என்று அவளுக்கு இருந்தது.

பதினொன்றரைக்குக் கிரேசி வந்து அவள் தோளைத் தொட்டாள். “நீ போ, ஏட்டி. வேற யாரும் சொல்லாண்டாம்.”

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்குப் பிரிஜா தனியாக நடந்தாள். கல்லூரிக்குப் போன பிறகு அவள் அங்கே கால் வைத்ததில்லை. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் அவளைப் பார்த்து எழுந்து நின்றார்கள்.

தடுப்புக் கற்களைச் சுற்றிக்கொண்டு படகு உள்ளே திரும்பியது. சுக்கானை வேறொருவனிடம் விட்டுவிட்டு, கையில் கயிற்றுடன் முன்பக்கம் நின்றிருந்தான் ரெஜின். முதலில் கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தான். அக்காதான் என்று தெரிந்ததும் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, ஒரு சீட்டியடித்து இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினான்.

படகு கரை அணைய இன்னும் கொஞ்சம் தண்ணீர் பாக்கி இருந்தது. பிரிஜாவும் கையைத் தூக்கி ஆட்டினாள்.