நாருக்கு மேலே

காலையில் கண் டாக்டர் தன் அறைக் கதவிடுக்கு வழியாக வெளியே எட்டிப் பார்த்தாள். இத்தனை வருஷமாய் அவள் மனசுக்குள் வைது தீர்த்த ஆள், டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தார். கைக்குட்டையால் இடது கண்ணின் உள்மூலையை ஒற்றி ஒற்றி எடுத்தார். தேடிப் போகாமலே கிடைத்துவிட்டார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவர் அவளுடைய பழைய தலைமை டாக்டர். அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணீர்ப் பாதை ஆபரேஷன் என்றால் அவர்தான். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் 'இடி' என்பார்கள், முன்னால் வாய்க்குப் பூட்டு. இடி வார்டுக்குள் வந்தால் ஒரு எழுதாத சட்டம் உண்டு. அவர் நோயாளியைத் தொட்டு, இன்ன வியாதி என்று சொல்லும்வரை வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. சொன்ன பிறகு தாராளமாகத் தலையாட்டலாம்.

அந்தச் சட்டத்தை அவள் ஒரே ஒரு முறை மீறினாள். அன்றைக்குக் கட்டிலில் படுத்திருந்தது அவளுடைய அப்பா.

கண்ணின் உள்மூலையில் வீக்கம் என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு வெறும் அடைப்புதான். கண்ணீர் மூக்குக்குள் இறங்க வழியில்லாமல் பையில் தேங்கிச் சீழ் பிடிக்கும். அமுக்கினால் சீழ் கண்ணுக்குள் பிதுங்கும். கண்மூலையை மூக்கெலும்போடு இழுத்துக் கட்டியிருக்கும் ஒரு சிறிய நார் உண்டு. அடைப்பு வீக்கம் அந்த நாருக்குக் கீழேதான் நிற்கும். நாரைத் தாண்டி மேலே ஏறி, கெட்டியாக, வலியில்லாமல் இருந்தால் புற்றோ என்று பயப்பட வேண்டும். ஸ்கேன் பார்க்காமல் கத்தியைத் தொடக் கூடாது. கண் படிக்கிறவர்களுக்கு இது அரிச்சுவடி.

அப்பாவுக்கு மேலே ஏறியிருந்தது. இடி விரலை நீட்டுவதற்குள் அவள் பதறிப்போய்ச் சொல்லிவிட்டாள். "சார், இது நாருக்கு மேல இருக்கு. ஒரு ஸ்கேன் பாத்துடலாம் சார்."

கூட வந்த டாக்டர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். இடி விரலை வைத்தார், எடுத்தார். "அடைப்பு. நாளைக்கு ஆபரேஷன்," என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "மீன் குஞ்சுக்கு நீச்சல் கத்துக் குடுக்க வந்துட்டாங்க," என்றார். யாரோ சிரித்தார்கள்.

அடைப்பு என்று அறுத்தார். உள்ளே இருந்தது புற்று. அறுத்த வழியிலேயே அது மூக்குக்குள் இறங்கிப் பரவியது. அப்பா இறந்து, உடலை எடுத்துக்கொண்டு போன பிறகு இடி அவளிடம் சொன்ன ஆறுதல் ஒரே வாக்கியம்: "லேட்டா கூட்டிட்டு வந்தா நான் என்னம்மா பண்றது?"

அன்றைக்கே அவள் வேலையை விட்டாள். வயிற்றெரிச்சலை மட்டும் விடவில்லை. "இன்னுமா அதையே நினைச்சுட்டிருக்க?" என்று கணவன் கேட்பான். செத்தது அவன் அப்பா இல்லையே.

"உள்ள வாங்க சார்," என்று இப்போது அவரைக் கூப்பிட்டாள்.

இடியின் குரல் இறங்கிப் போயிருந்தது. "நல்லா இருக்கியாம்மா? எல்லாரும் உன்னைத்தான் சொல்றாங்க. சின்ன விஷயம்தான். அடைப்பு. கண்ணாடியில நானே பாத்துட்டேன். ஊசி விட்டுக் கழுவிட்டா போதும்."

அவள் விரலை வைத்தாள். கெட்டியாக இருந்தது. அமுக்கிப் பார்த்தாள், சீழ் வரவில்லை. அவர் முகமும் சுளிக்கவில்லை. வீக்கம் நாருக்கு மேலே ஏறியிருந்தது. மடியில் கிடந்த கைக்குட்டையில் ஈரம் ரத்தம் கலந்து இளஞ்சிவப்பாக ஊறியிருந்தது.

உண்மையைச் சொன்னால் அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது. அதற்காக வெட்கப்படவும் இல்லை. கேட்டபடி கழுவி அனுப்பிவிட்டால் போதும். வெறும் தலையாட்டல், அவரே சொல்லிக் கொடுத்த தலையாட்டல். சில மாதம் கழித்துத் திரும்பி வருவார். அப்போது 'லேட்டா வந்தா நான் என்ன பண்றது' என்று அவருடைய வாக்கியத்தை அவரிடமே கொடுத்துவிடலாம்.

"நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்," என்றாள்.

"நிஜமாவா?" என்றார் இடி.

அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு உச்சி வரை எரிந்தது. ஆயுசுக்கும் யாரையும் பார்த்துக் கேட்காத வார்த்தை. தன் கண் என்றதும் வருகிறது. அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து இழுத்து அவர் கண்மூலையிலேயே வைத்து அழுத்தினாள்.

"நீங்களே சொல்லுங்க. நாருக்கு மேலயா, கீழயா?"

அவர் தடவிப் பார்த்தார். "மேல," என்றார்.

"எங்கப்பாவுக்கு?"

அவர் விரலை உருவிக்கொள்ளப் பார்த்தார். அவள் விடுவதாக இல்லை. "கேட்டேன் சார்."

"மேலதான். விரல வச்சதுமே தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா அறுத்தீங்க?"

"நீ முந்திக்கிட்டம்மா. அத்தனை பேர் நிக்கிறாங்க. நீ சொன்னதையே நான் எப்படித் திருப்பிச் சொல்றது?"

இத்தனை காலம் அவரை அரைகுறை என்றே அவள் திட்டியிருந்தாள். அரைகுறையைக்கூட என்றைக்காவது மன்னித்துத் தொலைக்கலாம். இப்போது பார்த்தால், அவள் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் அப்பா பிழைத்திருப்பார். அதையும் இந்த மனுஷன் போகிற போக்கில் அவள் தலையில் கட்டிவிட்டார். இந்த ஆளை இனி சாகவிடக் கூடாது என்று அந்த நிமிஷத்தில் முடிவு செய்தாள்.

போனை எடுத்து ஸ்கேன் அறைக்குப் பேசினாள். "ஒருத்தரை அனுப்பறேன். இப்பவே எடுத்துடுங்க. எனக்கு ரொம்ப வேண்டியவர்."

இடியின் கண் கலங்கியது. "பயமா இருக்கும்மா."

"எதுக்கு பயம்? நேரத்தோட வந்துட்டீங்க. நல்ல டாக்டர்கிட்ட அனுப்பறேன், ஆபரேஷன்ல கூடவே நிக்கறேன். பொழச்சுக்குவீங்க."

அவர் கும்பிடுவதற்குக் கையைத் தூக்கினார். அவள் அந்தக் கைகளைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினாள்.

"நீங்க நூறு வயசு இருக்கணும் சார். கண்ணு மங்கக் கூடாது. ஞாபகம் ஒரு துளி குறையக் கூடாது. தினம் காலைல கண்ணாடி முன்னாடி நின்னு முகம் கழுவும்போது, இந்த ஆபரேஷன் தழும்பு உங்க கண்ணுல படணும்."