பிரபஞ்சம் தொடங்கியது பற்றி நடுவரின் தீர்ப்பு

1. சமுகமளித்தோர்

இடம்: இணுவில், எங்கள் வாசிகசாலை மண்டபம். மேடையின் வலப்புறம், மின்விசிறிக்கு நேர் கீழே, ஏர்னெஸ்ட் மாஸ்ரர். பௌதிகவியல் படிப்பித்து ஓய்வுபெற்றவர், மெதடிஸ்த சபைப் பாட்டுக்குழுவின் கனத்த குரல். இடப்புறம், மின்விசிறி எட்டாத இடத்தில், சிவசுப்பிரமணியம் மாஸ்ரர். பிரயோக கணிதம் படிப்பித்தவர், கோயிலில் புராணப் படிப்புக்குப் பயன், அதாவது பொருள் விளக்கம், சொல்பவர். முன்வரிசையில் அவருடைய மனைவி பராசக்தி, விசிறுவதற்கு எங்கள் ஆண்டறிக்கையுடன். கடைசி வரிசையில், நடுவே ஒரு கதிரை விட்டு, ஏர்னெஸ்ட்டின் மகன் றோகானும் சிவசுப்பிரமணியத்தின் மகள் தனுசியாவும். நடுக்கதிரையில் இரண்டு ஹெல்மெற். மேடை நடுவில் நான்: சோமசேகரம், வாசிகசாலைச் செயலாளர், அன்றைய நடுவர்.

மின்சாரம் தடைப்பட்டாலும் மதகு உடைந்தாலும் ஊருக்காகக் கடிதம் எழுதுகிறவன் நான். யார் எங்கே இருந்தார் என்று பதியாமல் எனக்கு எழுத வராது. இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன்: இது கதையாக வர இருந்ததல்ல. மூன்று வரியில் ஒரு தீர்ப்பு எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று வரியும் வரவில்லை, கதை வந்துவிட்டது.

2. கைவிட்ட தொடக்கங்கள்

"அந்தக் காதல் முதலில் ஒரு புள்ளியாக இருந்தது. அதற்கு முன் எதுவும் இல்லை. திடீரென்று..."

(விட்டுவிட்டேன். பெருவெடிப்புக் கொள்கை இப்படித்தான் சொல்கிறது: மிகச் சூடாக, மிக நெருக்கமாக இருந்ததெல்லாம் விரியத் தொடங்கி இன்னும் விரிகிறது. ஆனால் இந்தக் காதல் எப்போது தொடங்கியது என்பதில் காதலர்களுக்கே உடன்பாடில்லை. கோயில் வீதியில் ஸ்கூட்டி பழுதான நாள் என்கிறான் றோகான். "ஸ்கூட்டியைப் பழுதாக்கினதே நான்தானே," என்கிறாள் தனுசியா.)

"எங்கள் ஊரில் இரண்டு மாஸ்ரர்மாரும் எப்போதும் சண்டைபிடித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு சண்டை விலகிப்போனால் அந்த இடைவெளியில் புதிதாக ஒன்று முளைக்கும். ஆகவே மொத்தத்தில் எதுவுமே மாறுவதி..."

(இது மாறாநிலைக் கொள்கை. விஞ்ஞானிகளிடம் இன்று அதற்கு மதிப்புக் குறைவு. ஊருக்கு என்னவோ நன்றாகப் பொருந்துகிறது.)

"நடுவர் உறையை ஒட்டினார்."

(சுழற்சிக் கொள்கை. விரிந்தது சுருங்கும், சுருங்கியது மறுபடி விரியும், முடிவுதான் தொடக்கம். முடிவைத் தெரிந்துகொண்டு நீங்கள் எழும்பிப் போய்விடுவீர்கள் என்ற பயத்தில் இதையும் விட்டேன்.)

3. பிரச்சினை

கலியாணத்துக்கு இரண்டு வீடும் சம்மதம். ஒரே நாளில் கோயிலில் தாலி, சேர்ச்சில் மோதிரம். எது முதல் என்பதில்தான் எல்லாம் நின்றது.

"முதல் நடக்கிறதுதான் கலியாணம். பிறகு நடக்கிறது றிப்பீற்," என்றார் ஏர்னெஸ்ட்.

"அதைத்தானே நானும் சொல்லுறன். அப்ப முதல் கோயில்," என்றார் சிவசுப்பிரமணியம்.

இப்படியே மாதங்கள் போயின. மண்டபக்காரர் வெள்ளிக்கிழமைக்குள் உறுதி சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டார். இந்த ஆவணி முகூர்த்தமும் தப்பினால் அடுத்த வருடம்தான். அதற்குள் மாஸ்ரர்மார் புதிதாக எதைப் பிடித்துக்கொள்வார்களோ! ஆகவே வாசிகசாலை ஆண்டு விழாப் பட்டிமன்றத்திலேயே இதைத் தீர்ப்பது என்று முடிவானது. தலைப்பு: பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் உண்டா, இல்லையா? எது முதல் என்பதை வெல்பவர் தீர்மானிப்பார். நடுவர் நான். இரண்டு வீட்டிலும் பலகாரம் சாப்பிடாத ஒரே ஆள் என்பதுதான் என் தகுதி, எனக்கு நீரிழிவு.

ஒன்றை மறந்துபோனார்கள். எங்கள் வாசிகசாலையில் யார் எந்தப் பக்கம் என்பதைப் பால்மா ரின்னில் சீட்டுப் போட்டுக் குலுக்கித்தான் எடுப்போம். தனக்குப் பிடித்ததைப் பேசுவதற்கு மண்டபம் எதற்கு, வீட்டு விறாந்தை போதும் என்பது எங்கள் கொள்கை. குலுக்கினேன். ஆதியும் அந்தமும் இல்லை என்று பயன் சொல்பவருக்குத் 'தொடக்கம் உண்டு' வந்தது. உலகம் படைப்பில் தொடங்கியது என்று பாடுபவருக்கு 'தொடக்கம் இல்லை.'

4. வாதம்

சிவசுப்பிரமணியம் எழும்பினார்.

"பழைய ரீவியை அன்ரெனா கழட்டிப் பாத்திருப்பியள். புள்ளி புள்ளியா இரையும். அந்த இரைச்சலிலை கொஞ்சம் பெருவெடிப்பின்ரை மிச்சச் சூடு! தொடக்கம் இல்லையெண்டால் அது எங்கையிருந்து வந்தது? ஏர்னெஸ்ட் மாஸ்ரரின்ரை ஞாயிறு பள்ளிப் பிள்ளையளைக் கேளுங்கோ. முதல் பாடமே தொடக்கம்தான். சைவக்காரர் நாங்கள்தான் இதைக் கவனியாமல் விட்டிட்டம்!"

"தொடக்கத்துக்கு முன்னம் என்ன, மாஸ்ரர்?" என்று கேட்டேன்.

"அந்தக் கேள்வியே பிழை. நேரமே அப்பதான் தொடங்குது. நாடே முடியிற பருத்தித்துறைக்கு வடக்கை எந்த ஊர் எண்டு கேக்கிற மாதிரி."

"வேதாரணியம்," என்றார் பராசக்தி.

(இந்த வரியில் எனக்குச் சந்தேகம் உண்டு. அவர் உண்மையில் சொன்னாரா, நான் சேர்த்தேனா? நேரில் போய்க் கேட்டேன். "சொல்லாட்டியும் சொன்னதெண்டு எழுதுங்கோ. அவருக்குக் கணக்குத்தான் தெரியும்," என்றார்.)

சிரிப்பு அடங்க ஏர்னெஸ்ட் எழும்பினார்.

"எங்கடை ஊர் மஞ்சத் திருவிழாவைப் பாருங்கோ. சாமி ஏறின மஞ்சத் தேர் புறப்படுது, வீதி சுத்துது, இருந்த இடத்துக்கே வருது. பிறகும் புறப்படுது. அதிலை எது முதல் சுத்து? பிரபஞ்சமும் அப்பிடித்தான், விரியும், சுருங்கும், விரியும். ஒவ்வொரு வருசமும் மதிலாலை எட்டிப் பாத்தனான். இண்டைக்குத்தான் எனக்கு விளங்குது, சிவம்!"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மண்டபமே கை தட்டியது. எதிரணியில் சிவசுப்பிரமணியம் எல்லாரையும் விடப் பலமாகத் தட்டினார்.

5. விபத்து

தீர்ப்புச் சொல்ல நான் தொண்டையைச் செருமினேன்.

"சோமண்ணை, பொறுங்கோ," என்றார் ஏர்னெஸ்ட். "தீர்ப்பு எப்பிடியும் இருக்கட்டும். கோயில்தான் முதல்."

"விசர்க் கதை கதையாதையும்! சேர்ச்தான் முதல். தொடக்கம் இருக்கெண்டு இப்பதானே நிரூபிச்சனான்."

"நீர் நிரூபிச்சது எனக்குத் தேவையில்லை. கோயில் முதல் இல்லாட்டி நான் கோட் போடமாட்டன்."

"சேர்ச் முதல் இல்லாட்டி நான் வேட்டி கட்டமாட்டன்!"

"ரெண்டு பேரும் சாரத்தோடை வாங்கோ," என்றார் பராசக்தி.

பேசிப் பேசித் தங்களையே நம்பவைத்துவிட்டார்கள். முன்பு ஆளுக்காள் தன் பக்கத்தைப் பிடித்து இழுத்தார்கள். அதிலாவது யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்கலாம். இப்போது இருவருமே விட்டுக்கொடுக்கிறார்கள், வாங்கத்தான் ஆளில்லை. ஒவ்வொரு 'உங்கடைதான் முதல்' உடனும் அண்டத்தின் விண்மீன் திரள்களைப் போல இன்னும் விலகிப் போனார்கள். தீர்ப்பு எழுத்தில் வரும் என்று சொல்லி விழாவை முடித்துவைத்தேன்.

6. முடிவுகள்

வெள்ளிக்கிழமை காலை தனுசியா ஸ்கூட்டியில் வந்தாள்.

"மாமா, மண்டபக்காரன் இண்டைக்கு மத்தியானம் வரைதான் பாப்பானாம். நீங்கள் தீர்ப்பு எழுதுறியளோ, கதை எழுதுறியளோ?"

"ரெண்டும்தான் பிள்ளை. முடிவு மட்டும் வரேல்லை." வாசித்துக் காட்டினேன்.

முடிவு அ: ஏர்னெஸ்ட் வெற்றி. கோயில் முதல் என்று தீர்மானிப்பார். சிவசுப்பிரமணியம் வீட்டில் இருப்பார்.

முடிவு ஆ: சிவசுப்பிரமணியம் வெற்றி. சேர்ச் முதல். ஏர்னெஸ்ட் வீட்டில் இருப்பார்.

முடிவு இ: சமநிலை. இரண்டும் ஒரே நேரத்தில். (ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிற்பது இலத்திரன் துகளுக்குச் சரிவரலாம். றோகானுக்கு வராது.)

அவள் சிரிக்கவில்லை.

"பிரபஞ்சத்திட்டைக் கேட்டியள். மஞ்சத்திட்டைக் கேட்டியள். ரீவியிட்டையும் கேட்டியள். கடைசி வரிசையிலை ரெண்டு பேர் இருந்தம், எங்களிட்டை ஒருத்தரும் கேக்கேல்லை."

"அப்ப சொல்லும், எது முதல்?"

"நாங்கள் எப்பவோ கதைச்சு முடிவெடுத்திட்டம். உங்களுக்குச் சொல்லமாட்டன் மாமா. உங்கடை முகத்தைப் பாத்தே அப்பா கண்டுபிடிச்சிடுவார்."

நான் முதலாவது தாளை எடுத்துப் பார்த்தேன். சமுகமளித்தோர். யார் எங்கே இருந்தார் என்று எல்லாம் ஒழுங்காகத்தான் பதிந்திருந்தேன்.

7. தீர்ப்பு

விடயம்: பிரபஞ்சத்தின் தொடக்கமும் கலியாணமும்.

தீர்ப்புக்கு முன்னரே எதிரணியின் சடங்குதான் முதல் என்று எழும்பிச் சொன்னவர் தோற்றவராவார். இருவரும் அப்படிச் சொன்னதால் இருவரும் தோற்றனர். வென்றவர்: கடைசி வரிசை. அவர்களின் தெரிவுப்படி சடங்கு முதலில் .................................. இல் நடைபெறும்.

கீழே கையொப்பமிட்டு வாசிகசாலை முத்திரையும் குத்தினேன். வெறுமையாக விட்ட இடத்தின் கீழ் ஒருநாளும் ஒப்பமிடவேண்டாம் என்று ஊருக்கே புத்தி சொல்பவன் நான். சிரித்துக்கொண்டே பசைப் போத்தலைத் தேடினேன்.

மாஸ்ரர்மார் ஏற்பார்களா? தெரியாது. தனியாகத் தோற்றிருந்தால் கோபிப்பார்கள். சேர்ந்து தோற்றால் என்னைத் திட்டுவதிலாவது ஒன்றாவார்கள் என்பது என் கொள்கை. இதற்கும் இன்னும் சான்று கிடைக்கவில்லை.

தீர்ப்போடு இந்தக் கதையையும் மடித்து வைக்கிறேன். இதன் முதல் வாசகி படலையடியில் ஸ்கூட்டி எஞ்சினை நிறுத்தாமல் காத்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த வாசகரே, உங்கள் தாளிலும் அந்தப் புள்ளிக்கோடு இருக்கிறது, பேனை எடுத்துவையுங்கள். விலாசம் எழுதியாயிற்று: 'கடைசி வரிசை, இணுவில்.'

நடுவர் உறையை ஒட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டு போனாள். சந்தியில் இடப்பக்கம் கோயில், வலப்பக்கம் சேர்ச். எந்தப் பக்கம் திரும்பினாள் என்று நான் பார்க்கவில்லை. விரலெல்லாம் பசை, கழுவப் போய்விட்டேன்.