பிடுங்கினால் அழுகிற இடம்

தீவுக்குப் போன என் மனைவி செலஸ்டினா கலங்கரை விளக்கமாக மாறிக்கொண்டிருந்தாள். காலையில் முழங்கால் வரை மாறியிருந்தாள். மதியம் இடுப்பு வரை. பொழுது சாய்ந்து விளக்கு எரிய ஆரம்பித்துவிட்டால் அப்புறம் இடத்தைவிட்டு அசைய முடியாது என்றார்கள். அதற்குள் நான் போய்க் கூட்டிவர வேண்டும்.

என்னிடம் பாய்மரப் படகு இருந்தது. காற்றும் இருந்தது. கடல்தான் இல்லை. உள்ளே பதிவு எண் பொறிக்காத படகைக் கண்டால் எங்கள் தூத்துக்குடிக் கடல் ஒதுங்கிக்கொள்ளும். நான் தள்ளத் தள்ளத் தண்ணீர் பின்னால் நகர்ந்தது. பக்கத்துப் படகுகள் எல்லாம் மிதந்தன. என் படகைச் சுற்றி மட்டும் ஈர மணல். அதில் ஒரு நண்டு. அது என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

எண் இல்லாமல் இல்லை. ஊர் வழக்கப்படி வெளியே, முன்பக்கம், மாதா படத்துக்குக் கீழே பெரிதாக எழுதி, சுற்றிலும் ரோஜாப்பூ வரைந்திருந்தேன். ரோஜாப்பூவுக்குத்தான் செலவு அதிகம்.

படகு எண்ணைச் சரிபார்க்கிற ஆய்வாளர் தனசிங் படகுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். அவரிடம் போக நான் உள்ளே நடந்தேன். நடக்க நடக்கப் படகு நீண்டது. நடுவழியில் தாகம் எடுத்தது.

"வெளிய எழுதுனது ஊருக்கு வே," என்றார். "உள்ள வெட்டுறதுதான் படகுக்கு. நிரந்தரமா இருக்கணும்."

"எந்த இடத்துல வெட்டணும் சார்?"

"பிடுங்கினா படகு அழுற இடத்துல."

"படகு அழுமா சார்?"

"உம்ம படகு. என்கிட்ட கேக்கீரு?"

ஓடாவி ரூபர்ட் உளியோடு வந்தார். ஓடாவி என்றால் படகு கட்டும் தச்சர். இந்தப் படகைக் கட்டியதும் அவர்தான். அதனால் அதன்மேல் அவருக்குப் பெரிய மரியாதை கிடையாது.

"குறுக்குச் சட்டத்துல வெட்டுவோம். அதான் முதுகெலும்பு," என்றார். வெட்டினார்.

தனசிங் உள்ளங்கையில் துப்பித் தேய்த்துக்கொண்டு சட்டத்தைப் பிடித்து இழுத்தார். ஆடுகிற பல் மாதிரி கையோடு வந்தது. மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். படகு வாயே திறக்கவில்லை.

"அழல," என்றார்.

"அழல சார்."

"அப்ப அது நிரந்தரம் இல்ல." சட்டத்தை மணலில் எறிந்தார்.

பாய்மரத்தின் அடியில் வெட்டினோம். பாய்மரம் போனது. பக்கப் பலகையில் வெட்டினோம். பக்கம் போனது. படகு அழவே இல்லை. அதைக் குறை சொல்ல முடியாது. எங்கள் குடும்பத்தில் யாரும் வெளியாட்கள் முன்னால் அழுவதில்லை.

கைபேசி அடித்தது. செலஸ்டினா.

"என்னங்க, கழுத்துக்கு வந்துட்டு. வெள்ளையடிக்காங்க. கூசுது."

"இந்தா கிளம்பிட்டேன் செலஸ்டி."

"காலைலயும் இதத்தான் சொன்னீங்க. என்ன செஞ்சிட்டிருக்கீங்க?"

"நம்பர் வெட்டுறோம்."

"எங்க?"

"அதான் தெரியல."

"ஒரு நம்பர் வெட்ட இடம் தெரியாத மனுஷனுக்குப் பாத்துப் பாத்து என்னையக் குடுத்தாங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள். அவள் குரல் கொஞ்சம் உயரத்திலிருந்து வந்தது.

நான் படகிடம் கெஞ்சினேன். கிள்ளினேன். அழட்டும் என்று என் வாழ்க்கைக் கதையைச் சொன்னேன். ரூபர்ட் விழுந்து விழுந்து சிரித்தார். "கோவிச்சுக்காதேயும், திரும்ப ஒரு தடவ சொல்லும்," என்றார்.

சுக்கான் போனது. அடிமரம் போனது. கடைசியில் ஒரு பலகை மிஞ்சியது. பின்பக்கத்து இருக்கைப் பலகை. செலஸ்டினா உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் லேசாகக் குழிந்த பலகை. நான் போய் அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"எந்திரியும்வே," என்றார் தனசிங்.

"இது வேண்டாம் சார்."

"ஏன்?"

"இது பலகை இல்ல சார்."

"பின்ன?"

குழியை ஒரு தடவை தடவினேன். எழுந்தேன். ரூபர்ட் குழியைத் தொடாமல், ஓரமாக வெட்டினார். தனசிங் பிடித்து இழுத்தார். பலகை கிறீச்சிட்டது. ஓர் ஆணி எழும்பியது.

அழுகைச் சத்தம் கேட்டது.

தனசிங் கையை எடுத்தார். "யார் அழுதா?"

"நான்தான் சார்."

யோசித்தார். "சத்தம் படகுக்குள்ள இருந்துதான வந்துச்சு?"

"ஆமா சார்."

"அப்ப படகு அழுதாச்சு. நிரந்தரம்."

"மத்ததெல்லாம் மணல்ல கெடக்கே சார்?"

"நம்பர் எதுல இருக்கோ அதான் படகு," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். இல்லாத படகுக்குள் நடந்து அவர் வெளியே போய்ச் சேர வெகுநேரம் ஆயிற்று.

கடல் எதுவும் நடக்காததுபோலத் திரும்பி வந்தது. பலகை மிதந்தது. ரூபர்ட் தன் இடுப்புச் சாரத்தை அவிழ்த்துக் கொடுத்துப் பாயாகக் கட்டிக்கொள்ளச் சொன்னார். உள்ளே அரைக்கால் சட்டை போட்டுத் தயாராகத்தான் வந்திருந்தார். "பலகையும் சாரமும் போதும்னு மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா," என்றேன். "நீரு கேக்கலயே," என்றார்.

தீவை நெருங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பாறைமேல் செலஸ்டினா வெள்ளையாக, உயரமாக நின்றாள். வெளிச்சம் அவளைச் சுற்றிச் சுற்றிக் கடல்மேல் போய் வந்தது. அழகாகத்தான் இருந்தாள்.

"பிந்திட்டனா?" என்று கத்தினேன்.

"பிந்திட்டீங்க."

"அசைய முடியாதுன்னாங்களே."

"எம்மேல இன்னும் நம்பர் வெட்டல. வெட்டுனாத்தான் நிரந்தரம். எங்க வெட்டுறதுன்னு வெள்ளையடிச்சவங்களுக்குள்ள அடிதடி." குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தியும் கடல் முழுக்கக் கேட்டது. "சீக்கிரம், அவங்க பாக்குறதுக்குள்ள. படகு எங்க?"

"இதான்."

பலகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இறங்கி வந்து உட்கார்ந்தாள். பலகை அமிழவில்லை.

கரையைப் பார்த்துத் திரும்பினோம். அவள் கண்ணில் விளக்கு சுற்றிக்கொண்டே இருந்தது. வெளிச்சம் என் முகத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குக் கூசக் கூடாதென்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் கடல் இருட்டானது. ஒவ்வொரு தடவையும் நான் திசை தப்பினேன். அவளிடம் சொல்லவில்லை.