ஒரு முழம் உயரத்தில்

அந்தக் கிறிஸ்தவக் கோயிலின் கிழக்குச் சுவரைப் பார்த்தவர்கள் தரையிலிருந்து ஒரு முழம் மேலே எழும்பினார்கள். பருத்தவர், மெலிந்தவர் என்ற பேதமில்லை. எல்லாருக்கும் அதே ஒரு முழம். வண்ணக் கற்களை ஈரச் சுண்ணாம்பில் ஒவ்வொன்றாக அழுத்தி அந்தச் சுவரில் ஒரு தோட்டத்தை உண்டாக்கியவர் மட்டும் எழும்பவில்லை. பதினோரு வருஷமாக அவர் மனைவி ஞாயிறுதோறும் மிதக்க, இவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். சுவரைப் பார்த்தாலே அவருக்குக் குறைதான் கண்ணில் படும்: இந்தப் பச்சைக் கல் சாய்ந்துவிட்டது, அந்த மூலையில் சுண்ணாம்பு பிதுங்கிவிட்டது. கல் பதிக்கிறவர்களின் பாழாய்ப்போன புத்தி அது.

"ஒரு தடவையாவது சும்மா பாருங்களேன்," என்பாள் மனைவி மேலேயிருந்து. "நீங்க இல்லாம இங்க தனியா இருக்குங்க."

கேட்டுக் கேட்டு அவர், ஆண்டவருக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்றே முடிவு கட்டிவிட்டார்.

அழகான எதுவும் ஆண்டவரிடமிருந்து வந்ததுதான், அதைப் பிடித்துக்கொண்டே அவரிடம் போய்விடலாம் என்று சொல்லிச் சொல்லியே பழைய ஆயர் கண்மூடினார். புது ஆயர் வந்தார். நல்ல மனுஷர்தான், சிரிப்பில் மட்டும் மகா கஞ்சர். எப்போதும் தரையைப் பார்த்தே நடப்பார். அழகு கண்ணோடு நின்றுவிடும், ஆண்டவரோ கண்ணுக்கு அப்பாற்பட்டவர், சுவருக்கு வெள்ளையடியுங்கள் என்றார். தன் குறைகள் மறைந்தால் சரி என்று கல் பதிப்பவரே அந்த வேலையை ஒத்துக்கொண்டார். மனைவி மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

மேலிருந்து அடித்துக்கொண்டே வந்தார். மதியத்துக்குள் தோட்டம் மறைந்து, கீழே ஓர் உள்ளங்கை அகலம் மிச்சமிருந்தது. அதில் அந்தப் பச்சைக் கல். சாய்ந்திருந்ததாலேயே ஜன்னல் வெளிச்சம் முழுவதும் அதன்மேல் விழுந்து, பக்கத்துக் கற்களெல்லாம் இலையாகத் துளிர்த்திருந்தன. திட்ட வாயெடுத்தவர் திட்டவில்லை.

"இது நான் செஞ்சதா? என் கைக்கு இதெல்லாம் வராதே! ஆண்டவரே, ரொம்ப நன்றி," என்றார். சுண்ணாம்பு சொட்டும் மட்டையோடு எழும்பினார்.

வேலையைப் பார்க்க வந்த ஆயரின் தலையில் இரண்டு சொட்டு விழுந்தது. நிமிர்ந்தார். "யோவ், இறங்குய்யா!"

"எப்படின்னு தெரியலையே சாமி," என்று கல் பதிப்பவர் அழுதுகொண்டே சிரித்தார். அந்த முகத்தைப் பார்த்த ஆயர், கோபம் தீர்வதற்குள், அவருக்குச் சமமாக வந்து நின்றார்.

சாப்பாட்டுத் தூக்கோடு வந்த மனைவி எழும்பி, இருவருக்கும் நடுவில் இடம்பிடித்து, புருஷன் கையைப் பற்றிக்கொண்டாள். "வந்துட்டீங்களா?" என்றாள். மூவருமாக அங்கேயே சாப்பிட்டார்கள். சுண்ணாம்பை யாரும் சுரண்டவில்லை. அந்த உள்ளங்கை அகலமே ஊருக்குப் போதுமானதாக இருந்தது.